வெறும் சோறு எனச் சான்றளிக்கப்பட்டது

எறும்புக்கும் யானைக்கும் ஒரே கையால் படியளந்து, அதற்கென எவரிடமும் விண்ணப்பம் கேளாத பரம்பொருளின் திருவடிகளை முதற்கண் பணிந்து, ஒரு பெரியவர் ஒரு கிண்ணம் சோற்றுக்குப் பட்ட பாட்டைச் சொல்லப் புகுவோம்.

பெரியவர் உரிமம் வழங்கும் அலுவலகத்தில் முப்பத்துநான்கு ஆண்டுகள் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். இரண்டு கையொப்பம் இல்லாத எதையும் அவர் காகிதம் என்றே ஒப்புக்கொள்வதில்லை. பேரப்பிள்ளைகள் ராட்டினத்தில் ஏறிக்கொள்ள, அவரும் மனைவியாரும் கேளிக்கைப் பூங்காவின் நடுவே இருந்த ‘கீழ்த்திசைச் சங்கமம்’ என்னும் உணவகத்துக்குள் நுழைந்தனர். சர்க்கரை மாத்திரையை வாசலிலேயே விழுங்கியாயிற்று. அரை மணிக்குள் வயிற்றில் ஏதாவது விழ வேண்டும். தவறினால் கை நடுங்கும், கண் இருட்டும், ஆள் சாய்ந்துவிடுவார்.

அமர்ந்ததும், பரிமாறுபவர் இருவர் இடுப்பிலும் நாற்காலியோடு சேர்த்து ஒரு பெல்ட்டை மாட்டி, இழுத்தும் பார்த்தார்.

“எதுக்குப்பா இது?”

“பூங்கா பட்டியல்ல நாங்க பதினாலாவது விளையாட்டு சார். விளையாட்டுன்னா பெல்ட் கட்டாயம். சாப்பாடு முடிஞ்சாத்தான் கழட்டுவோம்.”

எவ்வளவு தெளிவான விதி என்று பெரியவர் மனத்துக்குள் மெச்சிக்கொண்டார். மனைவியாரோ, “நான் என்ன தலைகீழாத் தொங்கிக்கிட்டா சாப்பிடப் போறேன்?” என்று தம்முடையதைக் கழற்றிப் போட்டார்.

உணவுப் பட்டியல் சர்வதேச மாநாட்டின் அறிக்கைபோல் இருந்தது. கடற்பாசிக்குள் பாலாடைக்கட்டி, அதன்மேல் மாம்பழக் குழம்பு, அதன்மேல் பொரித்த நூடுல்ஸ். பெரியவரின் வயிறு ஒரு நாட்டுச் சாப்பாட்டையே ஒழுங்காக ஆள முடியாமல் தவித்துக்கொண்டிருந்த காலம் அது.

“எனக்கு ஒரு கிண்ணம் வெறும் சோறு போதும்ப்பா.”

“வெறும் சோறு தர முடியாது சார். இங்க எதுவா இருந்தாலும் குறைஞ்சது ரெண்டு நாடு கலந்திருக்கணும்.”

“அப்ப சோறே வடிக்க மாட்டீங்களா?” என்றார் மனைவியார்.

“வடிப்போம்மா. கலக்கறதுக்கு.”

“கலக்கறதுக்கு முன்னாடி ரெண்டு கரண்டி எடுத்துடுங்களேன்.”

“அப்ப அது சாப்பாடே இல்லம்மா. மூலப்பொருள்.”

கழுத்தில் மூன்று அடையாள அட்டைகள் தொங்க, மேலாளர் எழுந்தருளினார். வழி இல்லாமலில்லை, விதிவிலக்கு விண்ணப்பம் ஒன்று உண்டு என்று கூறி நான்கு பக்கக் காகிதத்தை நீட்டினார். பெரியவரின் கண்களில் ஒளி பிறந்தது. பசியை மறந்து வரிவரியாகப் படித்தவர், மூன்றாம் பக்கத்தில் திடுக்கிட்டு நிமிர்ந்தார்.

“என்னங்க இது? வர்றது வெறும் சோறுதானான்னு யாரு சான்று குடுக்கறது? அதுக்கு இடமே விடலியே!”

மேலாளர் காகிதத்தை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். “எங்க யாருக்கும் தோணலைங்க ஐயா.”

“பேனா எடுங்க, சொல்றேன். ‘மேற்படி சோறானது பிற பொருள் எதனுடனும் கலவாதது என்பதை இரு பொறுப்பாளர்கள் உண்டு பார்த்து, ஐயமறத் தெளிந்த பின்னரே மனுதாரருக்கு வழங்கப்பட வேண்டும்.’”

“ஏங்க, மாத்திரை போட்டு இருபது நிமிஷம் ஆச்சு!”

“சித்த இரு. இங்க ஒரு நல்ல காரியம் நடக்குது.”

மனைவியார் தலையில் அடித்துக்கொண்டு, சமையலறைக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

ஆவி பறக்கச் சோறு வந்தது. மேலாளரும் பரிமாறுபவரும் ஆளுக்கொரு கரண்டியுடன் சோதனையில் இறங்கினர்.

“மேலாக்க வெறும் சோறுதான். நடுவுல?”

“நடுவுலயும் பாத்துடுவோம் சார்.”

“அடியில விட்டுட்டோம்னா, நாளைக்கு யாராவது கேட்டா யாரு பதில் சொல்றது?”

அடியையும் பார்த்தனர். ஐயம் தீர்ந்தது, சோறும் தீர்ந்தது. இருவரும் கையொப்பமிட்டனர். “வாழ்த்துகள் ஐயா, உங்க சோறு வெறும் சோறேதான்” என்று காலிக் கிண்ணத்தைப் பணிவுடன் அவர் முன் வைத்தார் மேலாளர்.

குறை சொல்ல வழியில்லை. விதி எழுத்துக்கு எழுத்து நிறைவேற்றப்பட்டிருந்தது. பெரியவரின் விரல்கள் நடுங்கத் தொடங்கின.

“பெல்ட்டைக் கழட்டுப்பா. வெளிய போய்ப் பாத்துக்கறேன்.”

“சாப்பாடு முடிஞ்சாத்தானே சார் கழட்டணும்? நீங்க இன்னும் ஆரம்பிக்கவே இல்லையே.”

அவருக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்த அந்த வேளையில், கையில் தட்டுடன் மனைவியார் வந்து சேர்ந்தார்.

“உள்ள சமைக்கிறவங்க அத்தனை பேரும் வெறும் சோத்தைத்தான் சாப்பிடறாங்க. பசிக்குதுன்னேன், போட்டாங்க. வாயைத் தொறங்க.”

“இதுக்கு அனுமதி…” என்று தொடங்கினார் பெரியவர். அதற்குத் திறந்த வாய் போதுமானதாயிருந்தது. அம்மையார் ஒரு கவளத்தைத் திணித்தார், பிறகு இன்னொன்று. நடுக்கம் நின்றது.

மாம்பழக் குழம்பில் மூழ்கிக் கிடந்த பக்கத்து மேசைக்காரர் கைபேசியை உயர்த்திப் படமெடுத்தார். “அது என்னங்க, பட்டியல்லயே காணோம்? எங்களுக்கும் அதையே குடுங்க!”

அடுத்த மாதமே பட்டியலின் தலையில் ‘ஏகம்’ இடம்பெற்றது: எதனுடனும் கலவாத சோறு, இல்லத்துணை கையால் ஊட்டப்படும், துணையில்லாதவர்க்கு நிறுவனமே ஆள் நியமிக்கும். வரிசை ராட்டினத்தைச் சுற்றி வளைந்தது. சோறு முழுவதும் முன்வாசலுக்கே போய்விட்டதால், சமையல்காரர்கள் கொல்லைப்புறத்தில் நின்று கடற்பாசியும் பாலாடைக்கட்டியும் தின்று இளைத்தனர்.

அந்த வரிசையில் நாமெல்லோரும் நின்றோம். நமக்கு முன்னால், பூர்த்தி செய்த விண்ணப்பத்தை இரு பிரதிகளாக ஏந்தியவராய், பெரியவர்.

“வீட்டுலதான் பானை நிறைய சோறு இருக்கே?” என்றார் மனைவியார்.

“அதுக்கு யாரு சான்று குடுத்தா?” என்றார் பெரியவர்.

இதைக் கேட்டோர் அனைவரும் பசித்த வேளையில் உண்டு, உண்டது உடலில் ஒட்டி, அதட்டி ஊட்டவும் ஒருவர் அருகிருக்கப் பெற்று, நீடூழி வாழ்க.