ஏழாவது கட்டம்

மனித குல வரலாற்றை மூன்று கண்டுபிடிப்புகள் தாங்கி நிற்கின்றன: நெருப்பு, சக்கரம், 'முன்–பின்' புகைப்படம். முதல் இரண்டுக்கும் படிவம் கிடையாது. ஆகவே அவை உண்மையிலேயே நடந்தனவா என்று எங்கள் அலுவலகத்துக்கு இன்றும் சந்தேகம் உண்டு.

அம்பத்தூர் எஸ்டேட்டில் டீசல் என்ஜினுக்குள் எண்ணெய் பீய்ச்சும் நாசில் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் நான் 'தொடர் மேம்பாட்டு ஒருங்கிணைப்பாளர்'. நான் எதையும் மேம்படுத்துவதில்லை. மற்றவர்கள் மேம்படுத்துவதைப் படிவத்தில் ஏற்றுகிறேன். பதினாறு கட்டங்கள் கொண்ட அந்தப் படிவத்தை வடிவமைத்ததும் நான்தான். பெருமைக்காகச் சொல்லவில்லை என்று எழுதத் தொடங்கினேன். பெருமைக்காகத்தான்.

சோதனை மேசையில் நாகவல்லி பதினொரு வருடமாக இருக்கிறாள். சேக்காட்டுக்காரி. வேலை எளிது. டெஸ்டரின் குழாயை நாசிலோடு சேர்த்து, ஸ்பேனரால் நட்டை முறுக்க வேண்டும். கைப்பிடியை அழுத்தினால் எண்ணெய் மூடுபனிபோலச் சீறும். சீறல் சரியா, கேஜில் அழுத்தம் சரியா என்று பார்த்துவிட்டு நட்டைக் கழற்ற வேண்டும். ஒரு நாளைக்கு இருநூற்று நாற்பது நாசில். அதாவது நானூற்று எண்பது முறுக்கு. வலது மணிக்கட்டு வீங்கியபோது ஆவடி டாக்டர் சொன்னாராம்: "இன்னும் முறுக்கினா கத்திதான் வைக்கணும். அப்புறமும் பிடிமானம் வருமான்னு சொல்ல முடியாது."

அவளும் மெயின்டனன்ஸ் எத்திராஜும் ஒரு சனிக்கிழமை, எந்தப் படிவத்தையும் நிரப்பாமல், குழாய் முனையில் ஒரு கப்ளரைப் பொருத்திவிட்டார்கள். உயர் அழுத்தம் தாங்கும் வகை. நாசிலின் மரைமேல் வைத்துத் தள்ளினால் கவ்விக்கொள்ளும். வளையத்தை இரண்டு விரலால் பின்னுக்கு இழுத்தால் விட்டுவிடும். ஸ்பேனருக்கு வேலையில்லை. மூன்று வாரத்தில் அவள் மணிக்கட்டு வற்றியது. உற்பத்தியும் ஏறியது.

உற்பத்தி ஏறியதால்தான் குற்றம் வெளியே தெரிந்தது.

"மண்டல மேம்பாட்டுப் போட்டிக்கு அனுப்பலாம். பரிசு நிச்சயம்," என்றார் மேனேஜர் ஜானகிராமன். "முன் படம் எங்கம்மா?"

"இல்ல சார். நமக்குத் தெரியறதுக்குள்ள மாத்திட்டாங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். துக்கம் விசாரிக்க வந்தவர் போல இருந்தார். "முன் படம் இல்லேன்னா முன்னாடி பிரச்சினையே இல்லைன்னு ஆயிடும். பிரச்சினையே இல்லேன்னா நாம எதை மேம்படுத்தினோம்?"

இந்தக் கேள்வியின் ஆழத்தை அன்று திருநின்றவூர் வரை ரயிலில் நின்றுகொண்டே வியந்தேன்.

மறுநாள் எட்டுப் பேர் கொண்ட குழு கூடியது. சமோசா தீர்வதற்குள் தீர்மானம் நிறைவேறியது: கப்ளரைக் கழற்றுவது, பழைய நட்டைப் பூட்டுவது, படம் எடுப்பது, மறுபடி கப்ளரை மாட்டுவது. ஒரு மணி நேர வேலை. அப்போதுதான் நான் எழுந்து, முன் நிலைக்கு இருபத்தாறு வேலைநாள் அளவீடு வேண்டும் என்பதை நினைவூட்டினேன். யாரும் கேட்கவில்லை. நானாகவே நினைவூட்டினேன். ஜானகிராமன் மேசையைத் தட்டிப் பாராட்டினார்.

எத்திராஜ் ஸ்பேனரோடு வந்தான். "இன்னா மேடம் இது? நல்லா ஓடிக்கினு கீற மெசினைக் கயட்டி, ஓடலைன்னு போட்டோ புடிக்கப் போறீங்களா?"

"இது தற்காலிக மறுநிலைநாட்டல்," என்றேன்.

"அதைத் தமிழ்ல சொல்லுங்க மேடம்."

நாகவல்லி சண்டை போடவில்லை. "ஒரு மாசம் வேற யாராச்சும் முறுக்கட்டும் மேடம். நான் கேஜ் பாத்து எய்திக்கிறேன்."

"அளவீட்டுல ஆள் மாறக் கூடாது நாகவல்லி. ஏழாவது கட்டம்."

"ஏயாவது கட்டம் யாரு போட்டது?"

"அது நிர்வாக முடிவு."

"அதை மட்டும் அடிச்சுடுங்களேன். பேனாதானே, ஸ்பேனரா?"

பேனா என் கையில்தான் இருந்தது. எனக்குள் ஏதோ ஒன்று புரண்டது. மனசாட்சியாக இருந்துவிடப் போகிறதே என்று பயந்து டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்தபோது அது அடங்கியிருந்தது. என்னுள் எல்லாமே டீக்கு அடங்கிவிடும் என்பதை அன்று அறிந்தேன். தியானத்தில்கூட இவ்வளவு தெளிவு கிடைக்காது.

இருபத்தாறு நாளும் ஸ்டாப்வாட்சோடு அவள் பக்கத்தில் நின்றேன். முதல் நாள் ஒரு நாசிலை மாட்டிக் கழற்ற நாற்பது விநாடி. பத்தாம் நாள் ஐம்பத்தெட்டு. இருபதாம் நாள் இடது கையால் வலது கையைத் தாங்கிக்கொண்டு முறுக்கினாள், எழுபத்தொன்று. கடைசி நாள் தொண்ணூற்று மூன்று.

"கோடு எப்படி ஏறுது பாருங்க," என்று ஜானகிராமன் வரைபடத்தைத் தடவினார். "முன் நிலை இவ்ளோ மோசம்னு நமக்கே தெரியாம இருந்திருக்கு. மேம்பாட்டு சதவீதம் இரட்டிப்பாயிடும்."

முன் படத்தை அன்றே எடுத்தோம். ஸ்பேனர், வீங்கிய மணிக்கட்டு, கடித்த உதடு. நடிக்கச் சொல்ல வேண்டிய அவசியமே வரவில்லை.

மறுநாள் கப்ளர் திரும்ப ஏறியது. பின் படத்தை மாலை ஐந்துக்குள் அனுப்ப வேண்டும். நாகவல்லியை வளையத்தை இழுக்கச் சொன்னேன். இழுக்க முயன்றாள். இரண்டு விரலும் மடங்கவில்லை.

"இன்னொரு தபா, நாகு," என்றான் எத்திராஜ்.

"வரல அண்ணாத்தே."

அவளை ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் ஏற்றி அனுப்பினோம். மணி நாலரை.

முதல் பரிசு எங்களுக்குத்தான். கேடயம் வரவேற்பறையில் இருக்கிறது. நாகவல்லிக்குக் கத்தி வைத்தாகிவிட்டது. பிடிமானம் இன்னும் வரவில்லை. சோதனை மேசையில் வேறு ஆள்.

பரிசளிப்பு அன்று நடுவர் ஒருவர் பின் படத்தை மேடையில் பெரிதாகக் காட்டச் சொன்னார். வளையத்தைத் தொட்டபடி இரண்டு விரல்கள். "பாருங்க, இந்தக் கையில எவ்வளவு நிம்மதி. இதுதான் மேம்பாடு," என்றார். அரங்கம் கைதட்டியது. நானும் தட்டினேன், படத்தில் இருந்த அதே கையால். வலி தெரியாத, நல்ல கை. ஒரு கட்டத்தை அடிக்க மட்டும் அதற்குத் தெம்பில்லை.