மாதா விளக்கும் நாலு ஒயர் சென்சாரும்

ராயபுரம்,
பெரிய வியாழன்.

பிரியமுள்ள ஜானட் அத்தைக்கு,

உங்கள் தம்பி நோயலின் மகள் பிரிஜிட்டா வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. தூத்துக்குடியில் நீங்களும் மாமாவும் சுகமாக இருக்க ஜெபிக்கிறேன். இங்கே அப்பா, அம்மா, நான் மூவரும் சுகம். வண்டிக்குத்தான் சுகமில்லை. போனில் சொல்லியிருக்கலாமே என்று நினைப்பீர்கள். போனில் எனக்கு "ம்" தவிர ஒன்றும் வராது என்பது உங்களுக்கே தெரியும். போன கிறிஸ்துமஸுக்கு நீங்கள் பேசியபோது பதினோரு "ம்" சொன்னேனாம், அம்மா எண்ணியிருக்கிறார். அதனால்தான் கடிதம்.

முதலில் என் கண்ணில் பட்டது சைலன்ஸரின் வாய். அப்பா வாடகைக்கு ஓட்டும் நீலக் கார் என்னைவிட ஆறு வயது மூத்தது. ஒரு நாள் அதைத் துடைக்கும்போது சைலன்ஸருக்குள் விரலை விட்டேன், மை டப்பாவுக்குள் விட்டதுபோல் கறுத்துவிட்டது. அப்பா தினமும் காலையில் நாலு பேரை எண்ணூர் துறைமுகத்துக்கு வேலைக்குக் கூட்டிப் போகிறார் அல்லவா, கன்டெய்னர் லாரி வரிசையில் மாட்டினால் வண்டி அரை மணி நேரம் நின்ற இடத்திலேயே உறுமிக்கொண்டிருக்கும், உள்ளே பெட்ரோல் நாற்றம் தாங்காது. பின் சீட்டில் வரும் செங்கொடி அக்கா மூக்கில் எலுமிச்சம்பழத்தை வைத்துக்கொண்டுதான் உட்காருவார். "நோயல் அண்ணே, நான் துறைமுகத்துக்குப் போறேனா, பெட்ரோல் பங்க்குக்குப் போறேனா?" என்று கேட்பார். நாலு பேரும் வேறு வண்டி பார்ப்பதாகப் பேச்சு வேறு. அவர்கள் போனால் எங்கள் அடுப்பும் போச்சு.

எனக்கு ஒயர் வேலை தெரியும், அத்தை. ஒன்பதாவதோடு நின்றதிலிருந்து எங்கள் தெருவில் கிறிஸ்துமஸ் ஸ்டாருக்கும் குடிலுக்கும் லைட் கட்டுவது நான்தான். ஒயர்கள் நம்மைப் பேசச் சொல்வதில்லை. போனில் வீடியோ பார்த்துப் பார்த்து விஷயத்தைப் பிடித்தேன். புகை போகும் குழாயில் ஆக்ஸிஜன் சென்சார் என்று ஒன்று இருக்கிறது. புகையை ருசி பார்த்து, பெட்ரோல் கூடிப்போச்சு, குறைந்துபோச்சு என்று வண்டியின் கம்ப்யூட்டருக்குச் சொல்லும் நாக்கு அது. சூடாக இருந்தால்தான் அதற்கு ருசி தெரியும். எங்கள் வண்டியில் இருந்தது பழைய ஒற்றை ஒயர் சென்சார், லாரி வரிசையில் நின்றால் ஆறிவிடும். நாக்கு மரத்துப்போனதும் கம்ப்யூட்டர் கண்ணை மூடிக்கொண்டு பெட்ரோலை ஊற்றும். நாலு ஒயர் சென்சாரில் உள்ளேயே ஒரு ஹீட்டர் இருக்கிறது. வண்டி நின்றாலும் அது ஆறாது.

இதை அப்பாவிடம் சொல்ல நாலு நாள் முயன்றேன், வரவில்லை. கடைசியில் தாளில் எழுதி அவர் டிபன் டப்பாவுக்குள் வைத்துவிட்டேன். "இன்னா புள்ள, இட்லிக்கு நடுவுல கடுதாசி கீது!" என்று கத்திக்கொண்டே வந்தார், ஆனாலும் தண்டையார்பேட்டை மெக்கானிக் ஒவைஸ் அண்ணனிடம் என்னைக் கூட்டிப் போனார். பழைய சென்சார் துருப்பிடித்துக் கழலவே மாட்டேன் என்றது. ஒவைஸ் அண்ணன் ஸ்பேனரில் தொங்கினார், அப்பா ஒவைஸ் அண்ணனைப் பிடித்துத் தொங்கினார், நான் ஆறாத குழாயில் கையை வைத்து இரண்டு விரல்களைச் சுட்டுக்கொண்டேன். "ஒரு ஒயரே பேஜாரு, நாலு ஒயரு கேக்குற. இன்னா பாப்பா, பறக்க வுடப் போறியா?" என்றார் ஒவைஸ் அண்ணன். ஹீட்டருக்குக் கரண்ட் எங்கே எடுப்பது என்று அவர் தலையைச் சொறிந்துகொண்டிருந்தபோது, டேஷ்போர்டில் மாதா சுரூபத்துக்கு நானே முன்பு விளக்குப் போட்ட ஒயரிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். சாவி போட்டால் கரண்ட் வரும், எடுத்தால் போகும். அந்த வண்டியில் எனக்கு நன்றாகப் பழக்கமான ஒயர் அது ஒன்றுதான்.

மூன்று வாரம் வண்டி ராஜாவாக ஓடியது. சைலன்ஸர் வாய் சாம்பல் நிறத்துக்கு வந்தது. செங்கொடி அக்கா எலுமிச்சம்பழத்தை எனக்கே கொடுத்தனுப்பினார், ஜூஸ் போட்டுக் குடித்தோம். அப்பா தெருவில் யார் வந்தாலும் பேனட்டைத் திறந்து, "எம் பொண்ணு வெச்சது" என்று காட்டினார். கேஸ் சிலிண்டர் போட வந்தவருக்கும் காட்டினார்.

பிறகு தவக்காலத்தின் ஐந்தாம் ஞாயிறு வந்தது. கோயிலில் ஈஸ்டர் வரைக்கும் சுரூபங்களை மூடி ஊதாத் துணி போட்டார்கள். அப்பாவும் அம்மாவின் ரவிக்கைத் துணியில் ஒரு துண்டு வெட்டி வண்டி மாதாவை மூடினார், விளக்கை அணைத்தார், சினிமாப் பாட்டையும் நிறுத்தினார். இவ்வளவு பக்தியாக இருந்தும் மறுநாளே பெட்ரோல் நாற்றம் திரும்பிவிட்டது, அத்தை! செங்கொடி அக்கா இரண்டு பழத்தோடு வந்தார். நான் நாலு ஒயரையும் பிரித்துப் பார்த்து மறுபடி சுற்றினேன், எல்லாம் இருந்த இடத்தில்தான் இருந்தன. ஒவைஸ் அண்ணன், "நாலுல எந்த ஒயருக்குக் கோவம்னு தெர்லியே மாமு" என்று கையை விரித்தார். அப்பா என்னைத் திட்டவில்லை. "படிப்பும் வர்ல, இதுவும் வர்ல, வுடு" என்று அம்மாவிடம் சொன்னார். திட்டியிருக்கலாம்.

அதோடு ஃப்ளோரன்ஸ் சித்தி வந்துவிட்டார். எண்ணூர் ரோட்டில் அவர் சூப்பர்வைசராக இருக்கும் இறால் கம்பெனியில் எனக்கு வேலை சொல்லியாகிவிட்டது. "ஐஸ் தண்ணில கைய வெச்சிகினு தோலு உரிக்கணும், அவ்ளோதான். யார்கிட்டயும் பேச வேணாம். உனக்குன்னே செஞ்ச வேல" என்றார். ரப்பர் கையுறையும் கொடுத்துவிட்டுப் போனார். ஈஸ்டருக்கு மறுநாள் திங்கட்கிழமை சேர வேண்டும். இனி நான் வண்டியைத் தொடக் கூடாது என்று அப்பா சொல்லிவிட்டார். அத்தை, உங்கள் போன் வந்தால் அப்பா எழுந்து நின்றுதான் பேசுகிறார். எனக்கு இன்னும் ஒரு மாதம் கொடுக்கச் சொல்லுங்கள். சென்சார் கெட்டுப்போய்விட்டது, அது என் தப்பில்லை என்று சொல்லுங்கள்.

மாமாவுக்கு என் வணக்கம். உங்கள் மூட்டு வலி தீர மாதாவிடம் கேட்டிருக்கிறேன், துணியை எடுத்ததும் கவனிப்பார்.

கீழ்ப்படிதலுள்ள மருமகள்,
பிரிஜிட்டா.

பின்குறிப்பு: அத்தை, போன் செய்ய வேண்டாம். மேலே எழுதியதில் பாதி தப்பு. வெள்ளிக்கிழமை தபால் ஆபீஸ் லீவு, சனிக்கிழமை ஸ்டாம்ப் கேட்க வெட்கமாக இருந்தது, அதனால் கடிதம் வீட்டிலேயே கிடந்தது. ஈஸ்டர் காலையில் அப்பா மாதாவின் துணியை எடுத்தார், 'டக்' என்று சுவிட்சைப் போட்டார். பூசை முடிந்து வரும்போது கல்மண்டபம் பக்கம் கால் மணி நேரம் நெரிசலில் நின்றோம். துளி நாற்றம் இல்லை. "பார்த்தியா, மாதா கைய வெச்சிட்டாங்க! அந்தச் சென்சார கயட்டி சாத்தாங்காடு இரும்புக் கடைல போட்டுட்றேன்" என்றார். எனக்கு அந்த 'டக்' மட்டும்தான் காதில் இருந்தது. நான் ஹீட்டருக்குக் கரண்ட் எடுத்தது அந்தச் சுவிட்சைத் தாண்டி விளக்குப் பக்கம், விளக்கை அணைத்தால் ஹீட்டரும் அணைந்துவிடும். வருஷம் முழுக்க யாரும் அணைக்காததால் அங்கே சுவிட்ச் இருப்பதையே மறந்திருந்தேன். தப்பு என்னுடையதுதான். சொல்ல வாயெடுத்தேன், "ம்" தான் வந்தது.

இன்று திங்கட்கிழமை. நாலு பேரும் பின் சீட்டில் நெருக்கிக்கொள்ள, கையுறையை மடியில் வைத்துக்கொண்டு நான் முன் சீட்டில் உட்கார்ந்திருந்தேன். லாரி வரிசையில் நின்றதும் மாதா விளக்கை அணைத்தேன்.

"இன்னா புள்ள, மாதா மேல கைய வைக்கிற!"

"மாதா மேல இல்லப்பா. சுவிட்ச் மேல."

கொஞ்ச நேரத்தில் செங்கொடி அக்கா, "அண்ணே, திரும்பவும் வருது" என்று பையில் பழத்தைத் தேடினார். விளக்கைப் போட்டேன். "இப்ப போச்சு." அப்புறம் அப்பாவே அணைத்தார், போட்டார், மறுபடி அணைத்தார். ஒவ்வொரு தடவையும் செங்கொடி அக்கா மூக்கை நீட்டிப் பதில் சொன்னார். பின்னால் இருந்த லாரிக்காரர் ஹாரன் அடித்தார்.

"ஒயர தப்பா குடுத்தது நான்தாம்பா. மாதாவும் ஒண்ணும் பண்ல, சென்சாரும் ஒண்ணும் பண்ல" என்றேன். செங்கொடி அக்கா, "இந்தப் பொண்ணு பேசுமா?" என்றார்.

அப்பா துறைமுகத்தில் நாலு பேரையும் இறக்கிவிட்டுத் திரும்பி வந்து இறால் கம்பெனி வாசலில் வண்டியை நிறுத்தினார். கேட்டில் ஃப்ளோரன்ஸ் சித்தி நின்று கையை ஆட்டினார். நான் இறங்கி, சித்தி கொடுத்த கையுறையை இரண்டு கையிலும் மாட்டிக்கொண்டு, வண்டியின் முன்னால் போய், ஹீட்டர் ஒயரைச் சுவிட்ச் இல்லாத இடத்துக்கு மாற்ற பேனட்டைத் திறந்தேன்.