முந்திச் சென்ற டால்பின்

அரசு அலுவலர்கள் கடல்வாழ் உயிரினங்களிடம் அன்பு காட்டக் கூடாது என்று எந்த விதியும் இல்லை. அந்தத் தைரியத்தில்தான் துறைமுக அலுவலகத் தட்டச்சர் ஒரு டால்பினைத் தத்து எடுத்தாள். வீட்டுக்குத் தூக்கி வரும் தத்து அல்ல. பாதுகாப்புச் சங்கத்துக்கு நன்கொடை கொடுத்தால், விரிகுடாவில் திரியும் ஒரு டால்பினின் படத்தை அனுப்பி, 'இனி இது உங்கள் பிள்ளை' என்பார்கள். அவளுக்கு வாய்த்தது முதுகுத் துடுப்பு கிழிந்த ஒரு பெண். மேசைக் கண்ணாடிக்கு அடியில் படத்தை வைத்து, காலையில் "சாப்பிட்டியாடி?" என்று கேட்டுவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவாள்.

ஒருநாள் இயக்குநர் அதைப் பார்த்தார். மறுநாள் அவரும் ஒன்றைத் தத்து எடுத்தார். அவ்வளவுதான், துணை இயக்குநர் முதல் வாசல் காவலர் வரை எல்லோருக்கும் கடல் பாசம் பொங்கிவிட்டது. டால்பின் இல்லாதவரோடு லிஃப்டில் யாரும் பேசுவதில்லை.

அப்போதுதான் சங்கத்தின் செய்திமடல் வந்தது. கிழிந்த துடுப்புக்காரி கூட்டத்துக்குத் தலைமை தாங்குகிறாளாம். மற்றவை பின்னால் நீந்துகின்றனவாம். மற்றவற்றில் இயக்குநருடையதும் ஒன்று.

அலுவலகக் கண்காணிப்பாளர் தட்டச்சரிடம் ஒரு குறிப்பாணையை நீட்டினார்: 'தங்கள் பொறுப்பிலுள்ள ஓங்கில், மேலதிகாரியின் ஓங்கிலை முந்திச் சென்றது ஏன்?'

"ஓங்கில்னா என்ன சார்?"

"டால்பின்தாம்மா. ஆபீசுக்குள்ள வந்துட்டா ஓங்கில்."

"அது கடல்ல போகுது. நான் என்ன சார் பண்ண முடியும்?"

"பெத்தவங்க எல்லாரும் இதையேதான் சொல்றீங்க. கொஞ்சம் அடக்கி வைங்க. இல்லேன்னா மலைமேல இருக்கிற கிளைக்கு மாத்திடுவாங்க."

துறைமுக அலுவலகத்துக்கு மலைமேல் கிளை எதற்கு என்று அதுவரை யாரும் கேட்டதில்லை. பள்ளிக்கூடம் போகும் மகளை விட்டுவிட்டு மலையேறுவதா?

"செய்திமடல் தப்பா இருக்கும் சார். ஒருதரம் நேர்ல போய்ப் பாத்துடலாமே!" என்று தட்டச்சர் கெஞ்சினாள்.

யோசனை இயக்குநருக்குப் பிடித்துவிட்டது. கள ஆய்வுக்கு ஆணை பிறந்தது. வரிசையாக விசைப்படகுகள், ஒவ்வொன்றிலும் ஒலிபெருக்கி.

விரிகுடா அதிர்ந்தது. "இயக்குநர் அவர்களின் ஓங்கில் உடனடியாக முன்வரிசைக்கு வரவும்!" என்று கண்காணிப்பாளர் முழங்கினார். தூரத்தில் கிழிந்த துடுப்பு ஒன்று எழுந்தது. 'அதோ என் பொண்ணு!' என்று வாய் வரை வந்ததைத் தட்டச்சர் விழுங்கிக்கொண்டாள். துடுப்பு ஆழ்கடல் பக்கம் திரும்பியது. கூட்டமே அதன் பின்னால் போனது. மழைக்காலம் முடிந்தும் ஒன்றுகூடத் திரும்பவில்லை என்று சங்கம் எழுதியது.

இயக்குநர் கூட்டம் கூட்டி அறிவித்தார்: "விரிகுடாவில் ஓங்கில் எதுவும் இல்லாமையால், ஒன்றையொன்று முந்தும் ஒழுங்கீனம் அடியோடு களையப்பட்டது. குறிப்பாணை கைவிடப்படுகிறது."

எல்லோரும் கைதட்டினார்கள். மலைக்குப் போகவேண்டாம் என்றதும் தட்டச்சருக்கு உயிர் வந்தது. அவளும் தட்டினாள், மற்றவர்களைவிடக் கொஞ்சம் பலமாகவே.