பேனர் சார் நிறுத்திய பஸ்

காரைக்குடி வட்டாரத்திலேயே பேனருக்கு முன்னால் நின்று போட்டோவுக்குச் சிரிக்காத ஒரே மனிதர் எங்கள் பேனர் சார்தான். எந்தக் கோயிலில் வேண்டுமானாலும் சூடம் அணைத்துச் சொல்வேன்.

மானகிரிப் பக்கம் ஒரு கல்லூரியில் நான் எம்.பி.ஏ. படித்தேன். 'சமூக சேவைக் கற்றல்' என்று ஒரு பாடம். கிராமத்துக்குப் போய் பேனர் கட்டுவோம், செடி நடுவோம், போட்டோ எடுப்போம், பிரியாணி தின்றுவிட்டுத் திரும்புவோம். செடி செத்துவிடும். பேனர் மட்டும் யார் வீட்டு ஆட்டுக்கொட்டகையிலாவது கூரையாக வாழும்.

புதிதாக வந்த சார், முதல் நாளே பேனரைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். பெயர் ஒட்டிக்கொண்டது.

"போட்டோ எடுத்தவனுக்கு மார்க் கெடையாது. அவுகளுக்கு என்ன வேணும்னு கேளுங்கடா. கேக்காமக் குடுக்குறது சேவை இல்ல, திமிரு."

கீழச்சிவல்பட்டி சாலையில் ஓர் ஊர். அங்கே பெண்கள் முறுக்கு சுட்டு பிள்ளையார்பட்டிக் கடைகளுக்குக் கொண்டுபோவார்கள். நாங்கள் டை கட்டிக்கொண்டு போய், முறுக்குக்கு லோகோ போட்டுத் தருவதாகச் சொன்னோம். அந்தக் குழுவின் தலைவி லட்சுமியக்கா சிரித்துவிட்டார்.

"லோகோ கெடக்கட்டும் தம்பி. இங்குட்டு பஸ்ஸே நிக்க மாட்டேங்குது. டின்னைத் தூக்கிக்கிட்டு, பஸ் நிக்கிற விலக்கு ரோடு வரைக்கும் நடக்குறதுக்குள்ள பாதி நொறுங்கிருது. அதைப் பாப்பீகளா?"

"இதான்டா பரீட்சை," என்றார் சார். "பஸ்ஸு நிக்கலேன்னா எல்லாரும் பெயிலு."

"சார், இது சிலபஸ்லயே இல்லையே?"

"முறுக்குந்தான் இல்ல. தின்னேல்ல?"

மனு கொடுத்தோம். ஒவ்வோர் ஆபீசும் அடுத்த ஆபீசைக் கைகாட்டியது. சாலையில் நின்று கையை ஆட்டினோம். டையைப் பார்த்து இன்சூரன்ஸ்காரர்கள் என்று பயந்தாரோ என்னவோ, டிரைவர் வேகத்தைக் கூட்டினார்.

இதற்கிடையில் கல்லூரித் தாளாளர் அதே ஊரில் 'கிராமத்தைத் தத்தெடுக்கும் விழா' அறிவித்தார். சாருக்கு வந்ததே கோபம்!

"ஆத்தா அப்பனோட நல்லா இருக்குற ஊரை நீங்க என்னத்துக்குத் தத்தெடுக்குறீக?" என்று தாளாளர் முகத்துக்கு நேராகவே கேட்டார்.

விழா நாள். பேனரைக் கட்டப் போகும் நேரத்தில் தூரத்தில் பஸ் தெரிந்தது. சார் பேனரைப் பிடுங்கிக்கொண்டு சாலைக்கு ஓடினார். "அந்தக் கடைசியப் புடிங்கடா!"

சாலைக்குக் குறுக்கே பேனர் விரிந்தது. பஸ் கிறீச்சிட்டு நின்றது.

"ரோட்டை மறிச்சு என்னய்யா விழா?" என்று டிரைவர் கத்தினார்.

"விழா ஒண்ணும் இல்லண்ணே. அக்காமாரு ஏறணும்," என்றார் சார்.

டின்கள் ஒவ்வொன்றாக ஏறின. பஸ்ஸுக்குப் பின்னால் சிறப்பு விருந்தினரின் கார் ஹாரன் அடித்தபடியே நின்றது.

தாளாளர் வேர்த்து விறுவிறுக்க ஓடிவந்தார். "விருந்தினர்ட்ட மன்னிப்புக் கேளுங்க. இல்லேன்னா இன்னியோட வேலைய விட்டுப் போயிருங்க."

"பஸ்ஸு நின்னதுக்கு நான் எதுக்குங்க மன்னிப்புக் கேக்கணும்?"

சொல்லிவிட்டு அதே பஸ்ஸில் ஏறி, முறுக்கு டின்களுக்கு நடுவே உட்கார்ந்தார். ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "நாளைக்கும் நிக்கணும்டா! இல்லேன்னா பெயிலு!" என்றார். அதன்பின் அவர் கல்லூரிக்கு வரவில்லை.

நாங்கள் விடவில்லை. தாளாளர் முறைத்தாலும் தினமும் போய்ப் பேனரை விரித்தோம். சலித்துப்போன டிரைவர், கடைசியில் தானாகவே நிறுத்த ஆரம்பித்தார்.

இப்போது அந்த இடம் வந்ததும் கண்டக்டர், "பேனர் ஸ்டாப்பு எறங்கு!" என்று குரல் கொடுக்கிறார். அந்த ஊரில் எனக்கு ஒரு வேலையும் கிடையாது. இருந்தாலும் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம், பஸ் நிற்கிறதே என்று இறங்கிவிடுகிறேன்.