செவிசாய்க்க வந்த ராட்னி

கேட்க வருகிறவர் என்று ஓர் இனம் உண்டு. பேச வருகிறவரையாவது பொறுத்துக்கொள்ளலாம். ஒரு கட்டத்தில் தொண்டை கட்டிவிடும். இவருக்குக் கட்டாது. செம்மண் சாலையில் ஏழு மணி நேரம் ஜீப் ஓட்டி, கசங்காத தொப்பியும் வண்ணப் பேனாக்களும் ஒரு பெட்டி இறைச்சியுமாக இறங்கி, "உங்ககிட்ட கேக்கத்தான் வந்திருக்கேன்" என்று தொடங்கி, அதையே இரண்டு மணி நேரம் விளக்குவார்.

ஆஸ்திரேலியப் பாலைவனத்தில், டெல்மா என்ற பழங்குடிப் பெண்ணின் குடியிருப்புக்கு வாய்த்தவர் ராட்னி. கொண்டுவந்தது, சூரிய ஒளியில் ஓடும் சலவை இயந்திரம். நல்ல சாமான்தான், பொய் சொல்லக் கூடாது. டெல்மாவின் பிள்ளைகள் இருவருக்கும் உடம்பெல்லாம் சிரங்கு. கம்பளிகளை வாராவாரம் துவைத்தால்தான் ஆறும் என்று நர்ஸ் சொல்லியிருந்தாள்.

"எங்க வைக்கலாம்? முடிவு உங்களோடதுதான்" என்ற ராட்னி, பூட்டிக் கிடந்த ஒரு வீட்டின் வாசலைத் தாமே காட்டினார். "அது யார் வீடு?"

ஒருவரும் வாய் திறக்கவில்லை. போன மாதம் இறந்த டெல்மாவின் அண்ணன் வீடு. புகை போட்டுச் சுத்தம் செய்யும்வரை ரத்த சொந்தங்கள் அந்தப் பக்கம் போகமாட்டார்கள். அவர் பெயரையும் சொல்லமாட்டார்கள். டெல்மா மண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய மச்சான் டெஸ்மண்ட் மட்டும், "வேற எடம் பாக்கலாமே, தலைவரே" என்றான்.

"அருமையான கருத்து!" ராட்னி அதை மஞ்சள் தாளில் எழுதி, ஒட்டி, மறந்தார். மற்றவர்களின் மௌனத்துக்கு 'ஆட்சேபணை இல்லை' என்று குறித்துக்கொண்டார். சாயங்காலத்துக்குள் இயந்திரத்தை அந்த வாசலிலேயே போல்ட் போட்டு முடுக்கியாயிற்று.

மூன்று வாரம் அது பளபளவென்று சும்மா நின்றது.

"பசங்க தூங்காம சொறியுதுங்க மச்சான். என்னால அங்க போக முடியாது."

"எனக்குத் தெரியாதா? சாவு வீட்டு வேலைக்கெல்லாம் மச்சான்மாரத்தான வெச்சிருக்கீங்க. இதையும் தூக்குறோம்."

"ரொம்பக் கனமாச்சே!"

"ராட்னியையும் சேத்துத் தூக்கணும்னாத்தான் கஷ்டம்."

அண்ணன் போனபிறகு டெல்மா சிரித்தது அன்றைக்குத்தான். டெஸ்மண்டும் அவன் தம்பிகளும் போல்ட்டைக் கழற்றி, இயந்திரத்தை மருத்துவமனை வாசலுக்குக் கொண்டுபோனார்கள். மறுநாள் வேலி முழுக்கக் கம்பளி. மாதம் முடிவதற்குள் பிள்ளைகளின் புண்கள் காய்ந்தன.

ஆறு மாதம் கழித்து ராட்னி வந்தார். இயந்திரத்தின் முன்னே வரிசை. பூரித்துப் போனார்.

"நல்லா வேலை செய்யுதா?"

"நகத்துனப்புறம் நல்லா செய்யுது" என்றாள் டெல்மா.

"அருமை!" 'நல்லா செய்யுது' என்பதை மட்டும் எழுதிக்கொண்டார். இடத்தேர்வு பற்றி இப்போது ஊர் ஊராகப் பேசுகிறார் என்று கேள்வி.

சிரிக்கிறீர்களா? தாராளமாக. அது கிடக்கட்டும், போன வாரம் வீட்டில் எல்லோரையும் உட்காரவைத்து, "சம்மதம்தானே?" என்று கேட்டீர்களே, ஒருவரும் பதில் பேசவில்லையே. நீங்கள் அதை என்னவென்று எடுத்துக்கொண்டீர்கள்?