மாடு நுழையாத வீடு

மாட்டை மனிதன் பழக்கிப் பல ஆயிரம் வருடம் ஆகிறது என்கிறார்கள். அந்தச் செய்தியை யாரும் மாட்டிடம் சொல்லவில்லை. இது எனக்குத் தெரியவந்தது மலேசியாவின் கிள்ளானில், என் புது வீட்டு வாசலில், முப்பது சொந்தக்காரர்கள் முன்னிலையில்.

வீடு நானே சம்பாதித்து வாங்கியது. "கல்யாணம் ஆகாத பொண்ணு தனியா கிரகப்பிரவேசம் பண்றதா? நல்லாவா இருக்கும்?" என்று பெரியப்பா ஊரெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். அதற்காகவே ஒரு குறையும் இல்லாமல் செய்துகாட்ட நினைத்தேன். (அம்மா இதற்கு வைத்த பெயர் திமிர்.) நல்ல நேரம் முடிவதற்குள் பசு உள்ளே போக வேண்டும், பிறகு நான், பிறகு பால் பொங்க வேண்டும்.

மாட்டுக்காரர் முத்து அண்ணே அனுபவசாலி. "கன்னுக்குட்டிய முதல்ல உள்ள விடு தங்கச்சி, தாய் தானா பின்னால போகும்" என்றார்.

"மாடுதான் முதல்ல போகணும். கயித்த என்கிட்ட குடுங்கண்ணே, பழகின பிராணிதானே" என்றேன். (இணையத்தில் இரண்டு கட்டுரை படித்திருந்தேன்.)

பளபளக்கும் டைல்ஸைப் பார்த்ததும் மாடு வாசற்படியிலேயே நின்றுவிட்டது. வாழைப்பழம் காட்டினேன், கெஞ்சினேன், பின்னாலிருந்து தள்ளியும் பார்த்தேன். இந்தக் கூத்தில் கன்றை எல்லோரும் மறந்துவிட்டோம். வேடிக்கை பார்க்க வெளியே வந்திருந்த பக்கத்து வீட்டுச் சீன ஆன்டி கதவைத் திறந்தே வைத்திருந்தார். கன்று நேராக அவர் ஹாலுக்குள் ஓடியது. தாய், கயிற்றோடு என்னையும் இழுத்துக்கொண்டு பின்னாலேயே நுழைந்தது. பட்டுப்புடவையோடு ஆன்டியின் சோபாவில் போய் விழுந்தேன். மாடு பக்கத்திலேயே சாவகாசமாகச் சாணி போட்டது.

ஆன்டி பதறவே இல்லை. "நெவர் மைண்ட் லா, குட் லக்" என்று மாட்டோடு செல்ஃபி எடுத்துக்கொண்டார்.

வெளியே வந்தால் பெரியப்பா கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். "இன்னும் நாலு நிமிஷந்தான் இருக்கு. சகுனமே சரியில்ல. இன்னொரு நாள் வச்சுக்கலாம்மா."

அழுகைதான் வரப் பார்த்தது. அதைவிட வேகமாகக் கோபம் வந்தது.

"இந்த வீட்டுல இருக்கப்போறது மாடு இல்ல பெரியப்பா, நானு."

சாணி ஒட்டிய புடவையோடு வலது காலை எடுத்து வைத்து உள்ளே போனேன். நேரத்துக்குள்ளேயே பால் பொங்கியது.

அன்றிலிருந்து குடும்பத்தில் எனக்குப் பெயர் கோமாதா. கூப்பிட்டுக்கொள்ளட்டும், எனக்கென்ன. போன மாதம் பெரியப்பா மகன் செலாயாங்கில் பதினான்காவது மாடியில் வீடு வாங்கினான். லிஃப்டில் மாட்டை ஏற்றக் கூடாது என்று காவலாளி கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பெரியப்பாவே எனக்குப் போன் செய்தார்.

"நீயே வந்து முதல்ல கால வச்சிடும்மா."

"வரேன் பெரியப்பா. மாட்டுக்கு அனுப்புற மாதிரி லோரி அனுப்பிடுங்க" என்றேன்.