உட்கார்ந்த பறவைக்குச் சான்றிதழ்

மூளையால் ஆடும் விளையாட்டு எதுவானாலும், முதலில் ஓர் அதிகாரி ஆடிப் பார்த்த பிறகே பொதுமக்கள் ஆட வேண்டும் என்பது விதி. பொதுமக்களின் மூளைக்கு ஏதாவது ஆகிவிடக் கூடாதே என்ற நல்லெண்ணம்தான். அதிகாரியின் மூளைக்கு ஒன்றும் ஆகாது என்பதில் அரசுக்கு அப்படியொரு நம்பிக்கை.

வடிவமைப்பாளன் மூன்று வருடம் மண்டையை உடைத்துக்கொண்டு ஒரு விளையாட்டைச் செய்திருந்தான். தொப்பியை மாட்டிக்கொண்டு பறக்க வேண்டும் என்று மனதார நினைத்தால், திரையில் கிளைமேல் உட்கார்ந்திருக்கும் பறவை பறக்கும். விபத்துக்குப் பிறகு கழுத்துக்குக் கீழே அசைவில்லாமல் கிடக்கும் அக்காவுக்காகச் செய்தது. சோதனைக்கூடத்தில் ஒருநாள் ஆடியவள், தொப்பியைக் கழற்றவே விடவில்லை. ஆனால் சான்றிதழ் இல்லாமல் அதை வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது.

அதிகாரி தொப்பியை மாட்டினார். நாற்பது நிமிடம் ஆயிற்று. பறவை அண்ணாந்து மேலே பார்த்ததே தவிர அசையவில்லை.

"பறவை பழுதுங்க," என்றார்.

"சார், பறக்கணும்னு நீங்க நினைக்கணும்."

"நானா நினைக்கிறதா? இருபத்தெட்டு வருஷ சர்வீஸ்ல அப்படி ஒரு தப்பு நடந்ததில்ல. மேலிடத்துல நினைப்பாங்க, நான் கையெழுத்துப் போடுவேன்."

மேலதிகாரி வந்து மாட்டினார். அவருக்கும் பறவை மேலேதான் பார்த்தது.

"கை கால் அசையாத எங்க அக்கா ஆடினா ஜம்முனு பறக்குது சார்!"

"தாராளமா ஆடட்டும். கை வேலை செய்யலன்னு அவங்க கைப்பட எழுதிக் கொடுக்கணும், அவ்வளவுதான்."

அன்று வீடு திரும்பும் வழியில் வடிவமைப்பாளனுக்குப் புத்தி வந்தது. விளையாட்டில் ஒரே ஒரு விதியை மாற்றினான். பறந்தால் தோல்வி; கிளையிலேயே இருந்தால் நிமிடத்துக்கு நூறு புள்ளி.

மறுநாள் சாப்பாட்டு இடைவேளைக்குள் அதிகாரி பதினெட்டாயிரம் புள்ளி எடுத்தார். "இப்பத்தான் பறவை ஒழுக்கமா இருக்கு," என்று முத்திரை குத்தினார்.

ஊரே தொப்பி மாட்டிக்கொண்டது. எதையும் நினைக்காமல் இருக்கப் பயிற்சி வகுப்புகள் வந்தன. இடம் கிடைக்கச் சிபாரிசு தேவைப்பட்டது. பெண் பார்க்கப் போன இடத்தில் மாப்பிள்ளையின் புள்ளியைக் கேட்டார்கள். நிறைய எடுத்தவனுக்கு உடனே பெண் கொடுத்தார்கள்.

அக்காவுக்கும் தொப்பி வந்தது. தம்பி மாட்டிவிட்ட நொடியே பறவை பறந்தது. தோல்வி. மறுபடியும் மாட்டிவிட்டான், மறுபடியும் தோல்வி. கடைசியில் நாட்டிலேயே கடைசி இடம் அவளுக்குத்தான்.

"அசையாம இருக்கத்தான் ஏழு வருஷமா நல்லாத் தெரியுமேடா," என்றாள். "அதுக்கு எதுக்குடா ஒரு விளையாட்டு?"

அவனுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அங்கேயே உட்கார்ந்து பழைய விதியைத் திரும்பப் போட்டான்.

"இது உனக்கு மட்டும் அக்கா. யாரையும் கேக்கப் போறதில்ல."

"எங்க, நீ பறந்து காட்டு பார்ப்போம்."

தொப்பியை மாட்டிக்கொண்டு பறக்க நினைத்தான். கூடவே, திருத்திய விளையாட்டுக்குப் புது விண்ணப்பம் மூன்று பிரதியில் கொடுக்க வேண்டுமே என்பதும் நினைவுக்கு வந்தது.

பறவை சிறகை விரித்தது. பிறகு பதவிசாக மடக்கிக்கொண்டு அண்ணாந்து மேலே பார்த்தது.



"போதும், கழட்டுங்க அதிகாரி சார்," என்றாள் அக்கா.